இங்கிலாந்தில் ஃப்ளாட் லீஸை நீட்டிப்பது: 80 ஆண்டுக் கோட்டைத் தாண்டுவதற்கு முன்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஃப்ளாட் வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் வாங்குவது லீஸ்ஹோல்ட். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அந்த ஃப்ளாட்டை வைத்துக்கொள்ளவும், வாடகைக்கு விடவும், விற்கவும் கிடைக்கும் உரிமைதான் அது. கட்டடமும் அது நிற்கும் மண்ணும் ஃப்ரீஹோல்டர் எனப்படும் இன்னொருவருக்குச் சொந்தம். அவர் தனி ஆளாக இருக்கலாம், கம்பெனியாக இருக்கலாம், நாம் பார்க்கவே பார்க்காத ஒரு முதலீட்டு நிதியாகவும் இருக்கலாம். லீஸ் முடிகிற அன்று, சட்டத்தின் பார்வையில், ஃப்ளாட்டின் சொத்துரிமை அவரிடம் திரும்பிப் போகிறது.

சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்கினால் நிலத்தில் யுடிஎஸ் என்று சொல்லும் பிரிபடாத பாகம் நம் பெயரில் பத்திரமாகும். அந்தப் பழக்கத்தில் லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஃப்ளாட் வாங்குகிற நம்மவர்கள் பலர், லீஸில் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதை வாங்கும்போது ஒருமுறை பார்த்துவிட்டு அப்படியே மறந்துவிடுகிறார்கள். மார்ட்கேஜ் கட்டுகிறோம், கவுன்சில் டாக்ஸ் கட்டுகிறோம், சர்வீஸ் சார்ஜ் கட்டுகிறோம், அப்புறம் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் லீஸ் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு கட்டத்துக்குக் கீழே போய்விட்டால் அதை நீட்டிக்க ஆகும் செலவு சட்டென்று ஏறுகிறது. அந்தக் கட்டம் 80 ஆண்டு. இந்தக் கட்டுரையில் மற்ற எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இந்த ஓர் எண் நிற்கட்டும்.

ஸ்காட்லாந்தில் ஃப்ளாட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே ஃப்ளாட்டுகள் பொதுவாக முழு உரிமையோடுதான் விற்கப்படுகின்றன. வட அயர்லாந்தின் சட்டமும் வேறு. இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான்.

உங்கள் லீஸில் எத்தனை ஆண்டு மிச்சம்?

இதற்கான பதில் நீங்கள் வாங்கிய தேதியில் இல்லை, லீஸ் முதலில் எழுதப்பட்ட தேதியில் இருக்கிறது. 1985-ல் ஒரு பில்டர் 99 ஆண்டு லீஸ் எழுதி விற்றிருந்தால், அந்த ஃப்ளாட் பிறகு எத்தனை கை மாறியிருந்தாலும் கணக்கு 1985-லிருந்துதான். அது 2004-லேயே 80-ஐத் தொட்டுவிட்டது. பழைய கட்டடங்களுக்கு மட்டும் வரும் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். 2008-ல் கட்டி 99 ஆண்டு லீஸில் விற்ற ஃப்ளாட் 2027-ல் 80-க்கு வந்துவிடும். லிஃப்ட்டும் கண்ணாடி பால்கனியுமாகப் பார்க்கப் புதிதாக இருக்கும். லீஸ் மட்டும் வயதாகியிருக்கும். 125 ஆண்டு லீஸ் என்றால் 45 ஆண்டு அவகாசம் உண்டு. 999 ஆண்டு லீஸ் என்றால் இந்தக் கட்டுரையை இத்துடன் மூடிவிடலாம்.

ஃப்ளாட்டை வாங்கியபோது உங்கள் வக்கீலான சொலிசிட்டர் அனுப்பிய காகிதங்களில் லீஸின் நகல் இருக்கும். இல்லையென்றால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் இணையதளத்தில் சில பவுண்டுக்கு டைட்டில் ரெஜிஸ்டரை எடுக்கலாம். லீஸ் தொடங்கிய தேதியும் மொத்தக் காலமும் அதிலேயே இருக்கும். எடுக்கும்போது கிரவுண்ட் ரென்ட், அதாவது ஃப்ரீஹோல்டருக்கு ஆண்டுதோறும் கட்டும் நில வாடகை எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை ஏறுகிறது என்பதையும் லீஸில் பார்த்துவிடுங்கள். 10 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று எழுதப்பட்ட லீஸ்கள் உண்டு. 250 பவுண்டில் தொடங்கும் அப்படிப்பட்ட ரென்ட் 50 ஆண்டில் 8,000 பவுண்டில் வந்து நிற்கும். நீட்டிக்கும் விலையையும் அதுவே கூட்டிவிடும். ஏன் என்று கீழே வருகிறது.

80-ல் என்ன நடக்கிறது?

ஃப்ரீஹோல்டரிடம் நாம் 90 ஆண்டு கூடுதலாகக் கேட்கிறோம். அவர் எதை இழக்கிறாரோ அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். அவருடைய இழப்பு இரண்டு வகை. ஒன்று, மிச்சமுள்ள காலம் முழுக்க வரவேண்டிய கிரவுண்ட் ரென்ட். இன்னொன்று, லீஸ் முடியும்போது அவர் கைக்குத் திரும்ப வேண்டிய ஃப்ளாட். 80 ஆண்டு கழித்து வரப்போகும் சொத்தின் இன்றைய மதிப்பு மிகக் குறைவு. மிச்ச ஆண்டுகள் குறையக் குறைய அந்த மதிப்பு கூடிக்கொண்டே போகும். எதிர்கால மதிப்பை இன்றைய மதிப்பாகச் சுருக்க, ஃப்ளாட்டுகளுக்குப் பொதுவாக ஆண்டுக்கு 5 சதவீதம் என்ற விகிதத்தை எடுக்கிறார்கள். ஸ்போர்டெல்லி என்ற புகழ்பெற்ற வழக்கில் நிலைபெற்ற விகிதம் அது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதன் பெயர் மேரேஜ் வேல்யூ. குறைந்த லீஸ் உள்ள ஃப்ளாட் சந்தையில் குறைந்த விலைக்குத்தான் போகும். நீட்டித்தவுடன் அதன் விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்திலிருந்து ஃப்ரீஹோல்டரின் இழப்பைக் கழித்தால் மிஞ்சுவது, இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொண்டதால் மட்டுமே பிறந்த லாபம். அதில் சரிபாதியை ஃப்ரீஹோல்டருக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். லீஸில் 80 ஆண்டுக்கு மேல் மிச்சம் இருந்தால் இந்தப் பங்கு பூஜ்யம். 80-க்கு இறங்கிவிட்டால் பாதி. நடுவில் படிகள் எதுவும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். நீண்ட லீஸ் இருந்தால் 3 லட்சம் பவுண்டு பெறும் ஒரு ஃப்ளாட், ஆண்டுக்கு 100 பவுண்டு மாறாத கிரவுண்ட் ரென்ட் என்று வைத்துக்கொள்வோம். ரென்ட்டைச் சுருக்க 6 சதவீதம், ஃப்ளாட்டின் மதிப்பைச் சுருக்க 5 சதவீதம்.

81 ஆண்டு மிச்சம் இருக்கும்போது ரென்ட்டின் இன்றைய மதிப்பு சுமார் 1,650 பவுண்டு. ஃப்ளாட் திரும்பிவரும் உரிமையின் இன்றைய மதிப்பு சுமார் 5,700. மொத்தம் ஏறக்குறைய 7,300 பவுண்டு.

79 ஆண்டுக்கு இறங்கியதும் இந்த இரண்டும் சேர்ந்து சுமார் 7,900 ஆகிறது. இதுவரை பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இப்போது மேரேஜ் வேல்யூ உள்ளே வந்துவிட்டது. 79 ஆண்டு லீஸோடு அந்த ஃப்ளாட் 2,82,000 பவுண்டுக்குப் போகும் என்று எடுத்துக்கொண்டால், அதில் ஃப்ரீஹோல்டரின் பாதிப் பங்கு சுமார் 5,000 பவுண்டு. மொத்தம் ஏறக்குறைய 13,000. இரண்டே ஆண்டு தள்ளிப்போட்டதற்கு 5,600 பவுண்டுக்கும் மேல் கூடுதல். இன்னும் விட்டு 70 ஆண்டுக்கு வந்து, ஃப்ளாட்டின் விலையும் 2,70,000-க்கு இறங்கியிருந்தால் மொத்தம் 20,000 பவுண்டைத் தாண்டுகிறது.

இது மாதிரிக் கணக்குதான். உங்கள் ஃப்ளாட்டின் விலை, ரென்ட், குறைந்த லீஸில் அது எவ்வளவு பெறும் என்ற மதிப்பீடு எல்லாமே மாறும். அந்தக் கடைசி மதிப்பீட்டில்தான் சொத்தை மதிப்பிடும் இரு தரப்பு சர்வேயர்களும் அதிகம் மோதுவார்கள். கிரவுண்ட் ரென்ட் ஏறிக்கொண்டே போகும் லீஸ் என்றால் முதல் தொகை 1,650-ல் நிற்காது, பல மடங்கு ஆகலாம். அதனால் இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டர்களை ஒரு தோராயத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை போக, பேங்க் பக்கமிருந்தும் சிக்கல் வரும். குறைந்த லீஸ் உள்ள ஃப்ளாட்டுக்கு மார்ட்கேஜ் கொடுக்கப் பல பேங்குகள் தயங்கும்; சில மறுத்தே விடும். அதாவது, உங்களிடம் வாங்க வருகிறவருக்குக் கடன் கிடைக்காது. கையில் முழுப் பணத்தோடு வருகிறவர் மட்டும்தான் வாங்க முடியும், அவர் அடித்துப் பேசித்தான் வாங்குவார்.

நீட்டிக்க இரண்டு வழி

முதல் வழி, சட்டம் தரும் உரிமை. 1993-ல் வந்த வீட்டுக் குத்தகைச் சீர்திருத்தச் சட்டப்படி, தொடக்கத்தில் 21 ஆண்டுக்கு மேல் எழுதப்பட்ட லீஸ் வைத்திருப்பவர், மிச்சமுள்ள ஆண்டுகளோடு 90 ஆண்டு சேர்த்துக் கேட்கலாம். 81 இருந்தால் 171 ஆகிவிடும். அதோடு கிரவுண்ட் ரென்ட் பெப்பர்கார்ன் ஆகிவிடும், அதாவது இனிமேல் ரென்ட்டே கிடையாது. ஃப்ரீஹோல்டருக்கு விருப்பமில்லை என்றாலும், சட்டம் சொல்லும் தகுதி உங்களுக்கு இருந்தால் அவர் கொடுத்தாக வேண்டும். விலையில் மட்டும்தான் பேச்சு. முன்பு ஃப்ளாட்டை வாங்கி 2 ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2025 ஜனவரி 31 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. இன்று வாங்கினால், லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பெயர் மாறியதும் கேட்கத் தொடங்கலாம்.

இரண்டாவது வழி, ஃப்ரீஹோல்டரோடு நேராகப் பேசி முடிப்பது. சில சமயம் அவர்களே கடிதம் அனுப்புவார்கள்: 'உங்கள் லீஸை மறுபடி 99 ஆண்டாக ஆக்கித் தருகிறோம், இவ்வளவு கொடுங்கள், 28 நாளுக்குள் பதில் சொல்லுங்கள்.' தொகை சட்டப்படியான விலையைவிடக் குறைவாகத் தெரியும். சொலிசிட்டர் செலவும் மிச்சம் என்று தோன்றும். நல்ல ஃப்ரீஹோல்டராக இருந்தால் இந்த வழி வேகமாகவும் மலிவாகவும் முடியலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 81 ஆண்டு லீஸை 99 ஆக்கினால் கிடைப்பது 18 ஆண்டு. இன்னும் 19 ஆண்டில் மறுபடி 80-ல் வந்து நிற்பீர்கள். சட்ட வழியில் கிடைப்பது 90.

கிரவுண்ட் ரென்ட்டும் இதில் ஒளிந்திருக்கும். 2022 ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் புதிய லீஸ்களில் கிரவுண்ட் ரென்ட்டைத் தடுத்துவிட்டது. ஆனாலும் இப்படிப் பேசி நீட்டிக்கும்போது, பழைய லீஸில் மிச்சமுள்ள ஆண்டுகளுக்குப் பழைய ரென்ட் தொடர இடமுண்டு. நீங்கள் பணம் கொடுத்து நீட்டித்த பிறகும் அத்தனை ஆண்டு ரென்ட் கட்டுவீர்கள். சர்வீஸ் சார்ஜ், அனுமதிக் கட்டணம் போன்ற விதிகளைப் புதிதாக நுழைப்பதற்கும் அந்த ஆவணம் ஒரு வாய்ப்பு. என் கருத்து இதுதான்: அந்தக் கடிதத்தை ஒரு சர்வேயரிடம் காட்டி, சட்ட வழியில் எவ்வளவு ஆகும் என்று கேட்காமல் கையெழுத்துப் போடவே கூடாது. 28 நாள் என்ற கெடு அவர்கள் போட்டது, சட்டம் போட்டதல்ல.

பேச்சு இழுத்துக்கொண்டே போவது இன்னோர் ஆபத்து. 80 ஆண்டு 6 மாதத்தில் பேசத் தொடங்கி, அவர்கள் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஒரு மாதம் எடுத்துக்கொண்டால், பேச்சு முடிவதற்குள் கோடு தாண்டிவிடும். நேராகப் பேசுவது சட்டப்படி எந்தத் தேதியையும் நிறுத்தி வைக்காது.

நோட்டீஸ் கொடுத்தால் தேதி நிற்கும்

சட்ட வழியில் தேதி நிற்கும், அதன் பெரிய பலமே அதுதான். செக்‌ஷன் 42 நோட்டீஸ் என்ற ஒன்றை ஃப்ரீஹோல்டருக்குக் கொடுக்கிறோம். அது கொடுக்கப்பட்ட தேதியில் எத்தனை ஆண்டு மிச்சமோ அதை வைத்துத்தான் விலை. பிறகு ஒன்றரை ஆண்டு இழுத்தாலும் கவலையில்லை. 80 ஆண்டு 1 மாதம் மிச்சம் இருக்கும்போது சரியான நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டால் மேரேஜ் வேல்யூ கிடையாது.

'சரியான' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். நோட்டீஸில் பெயர், லீஸ் விவரம், நாம் தர முன்வரும் தொகை, பதில் சொல்ல வேண்டிய தேதி எல்லாம் இருக்க வேண்டும். ஃப்ரீஹோல்டருக்கும் உங்களுக்கும் நடுவில் இன்னொரு லீஸ் வைத்திருப்பவர் இருந்தால், யாருக்கு அனுப்புவது என்பதே ஒரு சட்டக் கேள்வி. நாம் எழுதும் தொகை குறைவாக இருக்கலாம், ஆனால் நியாயம் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். வாய்க்கு வந்த சின்னத் தொகையை எழுதினால் நோட்டீஸே செல்லாமல் போகலாம். அதனால் இந்த வேலையைத் தெரிந்தவர், அதாவது லீஸ் நீட்டிப்பையே தொழிலாகச் செய்யும் சொலிசிட்டரும் சர்வேயரும் வேண்டும். வீடு வாங்கும்போது வேலை செய்த சொலிசிட்டர் நல்லவராக இருக்கலாம், இந்த வேலை அவருக்குப் பழக்கம் இல்லாமலும் இருக்கலாம். எத்தனை நோட்டீஸ் கொடுத்திருக்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள்.

நோட்டீஸ் போன பிறகு ஃப்ரீஹோல்டருக்குக் குறைந்தது 2 மாத அவகாசம். அதற்குள் அவர் எதிர் நோட்டீஸ் கொடுப்பார்: உரிமையை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் விலை இவ்வளவு. அந்த விலை பெரும்பாலும் நாம் எழுதியதைவிட மிக அதிகமாக இருக்கும். பயப்பட வேண்டாம், பேரம் அங்கேதான் தொடங்குகிறது. இடையில் அவர் டெபாசிட் கேட்கலாம். நாம் எழுதிய தொகையில் 10 சதவீதம் அல்லது 250 பவுண்டு, இரண்டில் எது அதிகமோ அது. அவர் கெடுவுக்குள் பதிலே கொடுக்கவில்லை என்றால் நிலைமை உங்கள் பக்கம் சாய்கிறது. நாம் எழுதிய விலைக்கே லீஸைக் கேட்டு, 6 மாதத்துக்குள் கவுன்ட்டி கோர்ட்டுக்குப் போகலாம்.

பேரம் படியாவிட்டால் இங்கிலாந்தில் ஃபர்ஸ்ட் டியர் ட்ரிப்யூனல் என்ற தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். எதிர் நோட்டீஸ் வந்து 2 மாதம் ஆன பிறகு, ஆனால் 6 மாதம் முடிவதற்கு முன் மனு போட வேண்டும். இந்த 6 மாதக் கெடுவைக் காலண்டரில் எழுதி வையுங்கள். தவறவிட்டால் நோட்டீஸ் திரும்பப் பெற்றதாகக் கருதப்படும். மறுபடி கொடுக்க 12 மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் லீஸ் 80-க்குக் கீழே இறங்கியிருந்தால் தடுத்து நிறுத்திய மேரேஜ் வேல்யூ திரும்பி வந்துவிடும். ட்ரிப்யூனல் என்றதும் பெரிய வழக்கு என்று மிரள வேண்டியதில்லை. கெடு போய்விடாமல் இருக்க மனுவைப் போட்டு வைத்துவிட்டு, விசாரணைக்கு முன்பே சர்வேயர்கள் பேசி முடித்துக்கொள்வது வழக்கமாக நடப்பது.

செலவு என்று பார்த்தால் விலை மட்டுமல்ல. உங்கள் சொலிசிட்டர், உங்கள் சர்வேயர் இவர்களோடு, ஃப்ரீஹோல்டரின் சொலிசிட்டருக்கும் சர்வேயருக்கும் ஆகும் நியாயமான கட்டணத்தையும் 1993 சட்டப்படி நீங்களே கொடுக்க வேண்டும். ட்ரிப்யூனலில் அவருக்கு ஆகும் செலவு இதில் சேராது. எதிராளியின் வக்கீலுக்கு நாம் பணம் கட்டுவது அநியாயமாகத்தான் படுகிறது.

புதிய சட்டம் வருகிறதே, காத்திருக்கலாமா?

இந்த அநியாயங்களில் பலவற்றை மாற்ற 2024 மே மாதம் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன்படி நீட்டிப்பு 90 ஆண்டுக்குப் பதில் 990 ஆண்டு. மேரேஜ் வேல்யூ ஒழிக்கப்படும். விலைக் கணக்கில் கிரவுண்ட் ரென்ட்டை ஃப்ளாட் மதிப்பின் 0.1 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. பெரும்பாலான சமயங்களில் அவரவர் செலவு அவரவருக்கு. படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் 2 ஆண்டு நிபந்தனையை நீக்கியது போன்ற சில பகுதிகள் நடைமுறைக்கு வந்தபோதும், விலையை மாற்றும் முக்கியப் பகுதிகள் வரவில்லை. ஃப்ரீஹோல்டர்கள் சிலர் இது தங்கள் சொத்துரிமையைப் பறிக்கிறது என்று வழக்குப் போட்டார்கள்; 2025 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகும் விகிதங்களை நிர்ணயிப்பது, துணை விதிகளைக் கொண்டுவருவது என்று வேலை பாக்கி இருந்தது. நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் இந்தப் பகுதிகளின் அன்றைய நிலையைச் சொலிசிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காத்திருப்பதா என்பதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. 100 ஆண்டுக்கு மேல் மிச்சம் என்றால் தாராளமாகக் காத்திருக்கலாம். 81, 82 என்றால் நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். சட்டம் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை, லீஸ் எப்போது 80-ஐத் தொடும் என்பது மட்டும் நாள் கணக்காகத் தெரியும். ஏற்கெனவே 80-க்குக் கீழே போய்விட்டவர்களுக்குத்தான் கடினம். புதிய சட்டத்தால் அதிக லாபம் அடையப்போகிறவர்கள் அவர்களே. விற்கும் எண்ணம் இல்லை, மார்ட்கேஜும் சிக்கலில்லாமல் ஓடுகிறது என்றால் அவர்கள் பொறுத்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு. 60-ஐ நெருங்குகிறது, அடுத்த ஆண்டு விற்க வேண்டும் என்றால் பொறுக்க இடமில்லை.

ஒரே கட்டடத்தில் பலருக்கும் லீஸ் குறைந்திருந்தால் இன்னொரு வழி உண்டு. குறைந்தது பாதி ஃப்ளாட்காரர்கள் ஒன்றுசேர்ந்தால், மற்ற நிபந்தனைகளும் பொருந்தும் கட்டடத்தில் ஃப்ரீஹோல்டையே விலைக்கு வாங்கலாம். பிறகு தங்களுக்குத் தாங்களே 999 ஆண்டு லீஸ் எழுதிக்கொள்ளலாம். மூன்று நான்கு ஃப்ளாட் உள்ள பழைய வீட்டில் இது நன்றாக நடக்கும். நூறு ஃப்ளாட் உள்ள கட்டடத்தில் எல்லோரையும் திரட்டுவதே தனி வேலை.

வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும்

குறைந்த லீஸ் உள்ள ஃப்ளாட்டை வாங்கப் போகிறீர்கள் என்றால், விற்பவரையே நோட்டீஸ் கொடுக்கச் சொல்லி, அதன் பலனை ஃப்ளாட்டோடு சேர்த்து உங்கள் பெயருக்கு மாற்றி வாங்கலாம். லீஸ் 80 ஆண்டு 2 மாதத்தில் இருக்கும்போது இதுதான் பாதுகாப்பான வழி. ஃப்ளாட் கைமாறும் அதே நேரத்தில் நோட்டீஸின் பலனும் மாறியாக வேண்டும் என்பதை உங்கள் சொலிசிட்டர் பார்த்துக்கொள்ள வேண்டும். நீட்டிக்க ஆகும் விலையையும் செலவையும் சர்வேயரிடம் கேட்டு, அதைக் கழித்துத்தான் ஃப்ளாட்டுக்கு விலை சொல்ல வேண்டும். 'லீஸ் நீட்டிப்பது சுலபம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று எஸ்டேட் ஏஜென்ட் சொன்னால், அவர் விற்பவருக்காக வேலை செய்கிறார் என்பதை நினைவில் வையுங்கள்.

ஃப்ரீஹோல்டர் யார், எங்கே என்றே தெரியாத ஃப்ளாட்டுகளும் உண்டு. அப்போதும் உரிமை போய்விடாது. தேட வேண்டிய அளவு தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்று கவுன்ட்டி கோர்ட்டில் காட்டினால், விலையை ட்ரிப்யூனல் நிர்ணயிக்க, அவர் இடத்தில் கோர்ட்டே லீஸை எழுதித்தர ஏற்பாடு செய்யும்.

சொலிசிட்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன் பேச ஓர் இடம் வேண்டுமென்றால், அரசு நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ் இருக்கிறது. அவர்கள் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள். பேசும்போது லீஸின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, தொடங்கிய தேதி, மொத்தக் காலம், கிரவுண்ட் ரென்ட் விதி மூன்றையும் குறித்து வைத்திருந்தால் பதில் தெளிவாகக் கிடைக்கும். எல்லாம் முடிந்து புதிய லீஸில் கையெழுத்தானதும் அது லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகிவிட்டதா, மார்ட்கேஜ் கொடுத்த பேங்குக்குத் தகவல் போய்விட்டதா என்று சொலிசிட்டரிடம் கேட்டு, பதிவான நகல் ஒன்றை வாங்கி வையுங்கள்.